மிராண்டாவின் 4.3 பாகை: யுரேனஸ் நிலவுகளின் பாதையும் பரப்பும்

கேள்வி இது: யுரேனஸின் ஐந்து பெரிய நிலவுகளும் சிறியவை. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவைப்போல் 19 மடங்கு தள்ளி உறைந்து கிடப்பவை. வியாழனின் அயோ, யூரோப்பா, கனிமீடு போல ஒத்திசைவில் (சுற்றுக்காலங்கள் 2:1, 3:1 போன்ற எளிய விகிதத்தில் பூட்டிக்கொள்வது) ஒன்றோடொன்று கோத்துக்கொண்டும் சுற்றவில்லை. அப்படியிருக்க மிராண்டாவும் ஏரியலும் ஏன் இவ்வளவு கிழிந்தும் மடிந்தும் கிடக்கின்றன? அதற்கான வெப்பம் எங்கிருந்து வந்தது?

இன்று இல்லாத ஒத்திசைவு முன்பு இருந்தது, அதிலிருந்து வந்தது என்பதே விடை. ஒத்திசைவு அறுந்துவிட்டது, வெப்பமும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால் இரண்டு தடயங்கள் மிச்சம்: ஒன்று பரப்பில் உள்ள பிளவுகள், மற்றொன்று மிராண்டாவின் பாதைச் சாய்வு. மற்ற நான்கு நிலவுகளும் யுரேனஸின் நிலநடுக்கோட்டுத் தளத்தை ஒட்டி, 0.15 பாகைக்குள் சுற்றுகின்றன. மிராண்டா மட்டும் 4.3 பாகை சாய்ந்து சுற்றுகிறது. அமைதியாகப் பிறந்து அமைதியாகச் சுற்றிய நிலவுக்கு இந்தச் சாய்வு வந்திருக்க முடியாது. யாரோ இழுத்திருக்க வேண்டும்.

முதலில் எண்கள். யுரேனஸின் மையத்திலிருந்து தொலைவு, ஒரு சுற்றுக்கு ஆகும் காலம், குறுக்களவு என்ற வரிசையில்:

மிராண்டா: 1,29,900 கி.மீ., 1.413 நாள், 472 கி.மீ.
ஏரியல்: 1,90,900 கி.மீ., 2.520 நாள், 1,158 கி.மீ.
அம்ப்ரியல்: 2,66,000 கி.மீ., 4.144 நாள், 1,169 கி.மீ.
டைட்டானியா: 4,36,300 கி.மீ., 8.706 நாள், 1,577 கி.மீ.
ஓபரான்: 5,83,500 கி.மீ., 13.463 நாள், 1,523 கி.மீ.

டைட்டானியாவையும் ஓபரானையும் 1787-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். ஏரியலும் அம்ப்ரியலும் 1851-இல் வில்லியம் லாசலுக்குத் தென்பட்டன. மிராண்டா 1948 வரை, ஜெரார்ட் கைப்பர் எடுத்த படத்தில் சிக்கும்வரை, கண்ணில் படவில்லை. ஐந்தும் சேர்ந்தால் யுரேனஸின் நிறையில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

சுற்றுக்காலங்களை ஒன்றால் ஒன்றை வகுத்துப் பாருங்கள். அம்ப்ரியல்/மிராண்டா 2.93. அம்ப்ரியல்/ஏரியல் 1.644. டைட்டானியா/அம்ப்ரியல் 2.10. ஓபரான்/டைட்டானியா 1.546. முதல் இரண்டும் கவனிக்க வேண்டியவை. 2.93 என்பது 3-ஐ விடச் சற்றே குறைவு, 1.644 என்பது 5/3-ஐ, அதாவது 1.667-ஐ விடச் சற்றே குறைவு. இரண்டுமே ஓர் எளிய விகிதத்தைத் தாண்டி இப்பால் வந்து நிற்கின்றன. பின்னிரண்டை 2:1, 3:2 ஒத்திசைவு என்று சிலர் எழுதிவிடுகிறார்கள், அது தவறு. ஒத்திசைவில் நூலிழை விலகல்கூட சில ஆண்டுகளில் கூடிக்கூடித் தெரிந்துவிடும். 2.10 என்பது 2 ஆகாது.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. ஒவ்வொரு நிலவும் ஒரு நாளில் எத்தனை பாகை நகர்கிறது என்று கணக்கிடுங்கள்: மிராண்டா 254.691, ஏரியல் 142.836, அம்ப்ரியல் 86.869. மிராண்டாவின் எண்ணிலிருந்து ஏரியலின் மும்மடங்கைக் கழித்து, அம்ப்ரியலின் இருமடங்கைக் கூட்டினால் மிஞ்சுவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.08 பாகை மட்டுமே. வியாழனின் மூன்று நிலவுகளில் இதே போன்ற கணக்கு (அங்கே ஒரு மடங்கு, மூன்று மடங்கு, இரண்டு மடங்கு) துல்லியமாகச் சுழியாக வரும். அங்கே உண்மையான பூட்டு இருக்கிறது. இங்கே இல்லை. அந்த 0.08 பாகை சேர்ந்து ஒரு முழுச் சுற்று விலக ஏறத்தாழ 12.5 ஆண்டுகள் ஆகும். பூட்டு இல்லாவிட்டாலும் மூன்று நிலவுகளின் பாதைகளிலும் இந்தப் பன்னிரண்டரை ஆண்டு அசைவு சேர்கிறது. அதை வைத்து அவற்றின் நிறைகளைக்கூடக் கணக்கிட முடியும்.

பாதைகள் ஏன் நகர்ந்தன? நிலவு யுரேனஸில் ஓத வீக்கத்தை, அதாவது ஈர்ப்பால் எழும் புடைப்பை, எழுப்புகிறது. கோள் 17 மணி 14 நிமிடத்தில் தன்னைச் சுற்றுகிறது, நிலவோ அதைவிட மெதுவாக வலம் வருகிறது. எனவே வீக்கம் நிலவுக்குச் சற்று முன்னே இழுத்துச்செல்லப்பட்டு, நிலவை முன்னோக்கி இழுக்கும். நிலவு மெல்ல வெளியே போகும். நிலவு கோளின் சுழற்சியைவிட வேகமாகச் சுற்றினால் கதை தலைகீழ்: அது உள்ளே இறங்கும். இரண்டுக்கும் இடையிலான எல்லை யுரேனஸின் மையத்திலிருந்து ஏறத்தாழ 82,700 கி.மீ. ஐந்து பெரிய நிலவுகளும் அதற்கு வெளியே இருப்பதால் எல்லாமே வெளியே நகர்கின்றன, ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. தொலைவு கூடக்கூட இந்த விளைவு மிகச் செங்குத்தாகக் குறைகிறது. நிறை கூடினால் அதே விகிதத்தில் கூடுகிறது. சார்பு வேகத்தைக் கணக்கிட்டால் ஏரியல் அம்ப்ரியலைவிட எட்டு மடங்குக்கு மேல் வேகம், மிராண்டா அம்ப்ரியலைவிட ஐந்து மடங்கு வேகம். மிராண்டா கோளுக்கு அருகில் இருந்தும் ஏரியலைவிடச் சற்று மெதுவாகத்தான் போகிறது, ஏனெனில் அதன் நிறை ஏரியலின் நிறையில் இருபதில் ஒரு பங்குதான்.

நிலவுகள் ஒத்திசைவில் சிக்குமா என்பதை இதுதான் முடிவுசெய்கிறது. உள்நிலவு வெளிநிலவை நெருங்கி வரும்போதுதான் பூட்டு விழும். விலகிப் போகும்போது ஒரு தட்டு தட்டிவிட்டு விடுபடும். மிராண்டா அம்ப்ரியலை நெருங்குகிறது, ஆகவே 3:1-இல் சிக்கலாம். ஏரியல் அம்ப்ரியலை நெருங்குகிறது, ஆகவே 5:3-இல் சிக்கலாம். மிராண்டாவும் ஏரியலும் விலகிப் போகும் சோடி, அவை 5:3-ஐக் கடந்திருந்தாலும் சிக்கியிருக்காது.

சிக்கினால் என்ன ஆகும்? இரு நிலவுகளும் சுற்றுப்பாதையின் ஒரே இடங்களில் திரும்பத் திரும்ப நெருங்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல, இழுப்பு சேர்ந்துகொண்டே போய் வட்டப்பாதை நீள்வட்டமாகும் அல்லது தளம் சாயும். 3:1-இல் இரண்டுமே நடக்க இடமுண்டு. சாய்வு வகைப் பூட்டில் சிக்கிய மிராண்டா பாகை பாகையாகச் சாய்ந்து 4 பாகையைத் தாண்டியதும், துணை ஒத்திசைவுகள் (பூட்டுக்குள்ளேயே எழும் சிறிய ஒத்திசைவுகள்) குறுக்கிட்டு இயக்கம் ஒழுங்கற்றதாகிப் பூட்டு அறுந்தது. ஜாக் விஸ்டமும் வில்லியம் டிட்டிமோரும் 1980-களின் இறுதியில் செய்த கணக்கீடுகளில் இது தெளிவாக வெளிவந்தது. அறுந்த பிறகு நீள்வட்டத்தன்மை ஓத உராய்வில் விரைவாகத் தேய்ந்துவிடும். சாய்வு தேய மிக மிக நீண்ட காலம் ஆகும். அதனால்தான் 4.3 பாகை இன்றும் நிற்கிறது.

வியாழனில் அறாத பூட்டு யுரேனஸில் ஏன் அறுகிறது? யுரேனஸ் அவ்வளவாகத் தட்டையாக இல்லை என்பதே காரணம். கோளின் தட்டைத்தன்மையை அளக்கும் ஜே2 எண் வியாழனுக்கு 0.0147, சனிக்கு 0.0163, யுரேனஸுக்கு 0.0035 மட்டுமே. தட்டைத்தன்மை அதிகமாக இருந்தால் நிலவுகளின் பாதைகள் வேகமாகத் திசை மாறும். அப்போது ஒரே 3:1 என்று நாம் சொல்வது உண்மையில் பல கிளை ஒத்திசைவுகளாகத் தள்ளித்தள்ளி நிற்கும், ஒன்றில் சிக்கிய நிலவு அதிலேயே தங்கும். யுரேனஸில் கிளைகள் நெருங்கிக் கிடந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. அந்த மேற்படிவில்தான் ஒழுங்கின்மை பிறக்கிறது, நிலவு நழுவுகிறது.

இதிலிருந்து கோளின் உள்ளமைப்பைப் பற்றிக்கூட ஓர் எண் கிடைத்தது. ஓத ஆற்றலைக் கோள் எவ்வளவு வீணாக்குகிறது என்பதைக் 'கியூ' என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் சிறியதானால் உராய்வு அதிகம். மிராண்டாவும் அம்ப்ரியலும் 3:1-ஐக் கடந்திருக்க வேண்டுமென்றால் கியூ 39,000-க்குக் கீழே இருக்க வேண்டும். ஏரியலும் அம்ப்ரியலும் 2:1-ஐக் கண்டிருக்கக் கூடாது, கண்டிருந்தால் அதிலிருந்து தப்பியிருக்காது. அதற்குக் கியூ 11,000-க்கு மேல் இருக்க வேண்டும். அழகான முடிவு, ஆனால் கியூ எக்காலத்துக்கும் மாறாத ஒரே எண் என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. கோளின் உள் அதிர்வுகளோடு நிலவின் பாதை இசைந்து நகரலாம் என்ற புதிய கருத்து உண்மையானால் இந்த எல்லைகள் அப்படியே நிற்காது. மிராண்டாவின் சாய்வுக்கு ஏரியல்-அம்ப்ரியல் 5:3 கடப்பே மறைமுகக் காரணம் என்று சொல்லும் அண்மைக் கணக்கீடுகளும் உண்டு. 3:1-தான் வலுவான விளக்கம் என்பது என் கருத்து. ஆனாலும் 5:3-ஐ ஒதுக்கிவிட முடியாது. அது எல்லா நிலவுகளின் சாய்வையும் கலக்கிவிடக்கூடிய கடப்பு, அதைப் பெரிய சேதம் இல்லாமல் தாண்டியது எப்படி என்பது இன்னும் தீராத சிக்கல்.

இனி வெப்பம். ஐந்து நிலவுகளும் எப்போதும் ஒரே முகத்தை யுரேனஸுக்குக் காட்டுபவை. பாதை சரியான வட்டமாக இருந்தால் நிலவின் வீக்கம் அசையாது, உராய்வும் இல்லை. நீள்வட்டமானால் நெருங்கும்போது வீக்கம் கூடும், விலகும்போது குறையும். ஒவ்வொரு சுற்றிலும் பனி பிசையப்படும். மிராண்டாவுக்கு அது 34 மணி நேரத்துக்கு ஒருமுறை.

பாறையில் உள்ள கதிரியக்கத் தனிமங்களே போதாதா என்று கேட்கலாம். போதாது. பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பு எவ்வளவு வளைந்து எழும்பியிருக்கிறது என்று அளந்தால், அது உருவானபோது விறைப்பான மேலோடு எத்தனை கி.மீ. தடிமன் என்று தெரியும். அதிலிருந்து வெப்ப ஓட்டம் கிடைக்கும். மிராண்டாவிலும் ஏரியலிலும் இப்படிக் கிடைப்பது சதுர மீட்டருக்குப் பல பத்து மில்லிவாட். பூமியின் கண்டங்களில் இன்று வெளிவருவதோடு ஒப்பிடத்தக்க அளவு! ஏரியலின் பாறையிலிருந்து இன்று கதிரியக்கம் தரக்கூடியது ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு, பழங்காலத்தில் சில மில்லிவாட். மிராண்டாவில் அதுவும் இல்லை: அதன் அடர்த்தி நீரைப்போல் 1.2 மடங்குதான், பெரும்பகுதி பனி. மற்ற நான்கின் அடர்த்தி 1.5-க்கும் 1.7-க்கும் இடையில், பாதிக்குப் பாதி பாறை.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தப் பனி தூய நீர்ப்பனியாக இருக்க வேண்டியதில்லை. அம்மோனியா கலந்தால் உருகுநிலை மைனஸ் 97 செல்சியஸ் வரை இறங்கும். சுத்தமான பனியை உருக்கப் போதாத வெப்பம் அம்மோனியாக் கலவையை உருக்கிவிடும். ஏரியலின் நிறமாலையில் அம்மோனியாவுக்கான அறிகுறிகள் உண்டு.

பரப்புகளைப் பார்க்கும் முன் ஒரு எச்சரிக்கை. நம்மிடம் உள்ள நெருக்கமான படங்கள் எல்லாம் ஒரே நாளில் எடுக்கப்பட்டவை: 1986 ஜனவரி 24, வாயேஜர் 2. யுரேனஸின் அச்சு 97.8 பாகை சாய்ந்திருப்பதால் அப்போது அதன் தென்துருவம் ஏறத்தாழ சூரியனை நோக்கி இருந்தது. நிலவுகளின் பாதைகள் இலக்குப் பலகையின் வளையங்கள்போல் வாயேஜருக்கு எதிரே நின்றன. அது அவற்றை ஊடுருவிச் சில மணி நேரத்தில் கடந்துவிட்டது. ஒவ்வொரு நிலவாக நிதானமாகச் சந்திக்க வழியில்லை. அடுத்து நெப்டியூனுக்குப் போக வேண்டியிருந்ததால் எங்கே நுழைவது என்பதும் முன்பே முடிவாகியிருந்தது. அந்தப் புள்ளி மிராண்டாவின் பாதைக்கு அருகே அமைந்தது தற்செயல். ஐந்தில் சிறியதற்கு மிகச் சிறந்த படங்கள் கிடைத்தது இதனால்தான். சூரிய ஒளி அங்கே பூமியில் இருப்பதில் 370-இல் ஒரு பங்கு. நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்தால் படம் இழுபட்டுவிடும் என்பதால் கேமராவோடு விண்கலத்தையே திருப்பி நகர்வை ஈடுசெய்தார்கள். வடபாதி இருளில் இருந்தது. ஆகவே எந்த நிலவிலும் ஏறத்தாழ பாதிக்கு மேல் நாம் நன்றாகப் பார்த்ததில்லை. "இந்த நிலவில் இது இல்லை" என்று யாராவது எழுதினால், "பார்த்த பாதியில் இல்லை" என்று படியுங்கள்.

மிராண்டாவில் மூன்று 'கொரோனா'க்கள் உள்ளன: ஆர்டன், எல்சினோர், இன்வெர்னெஸ். ஒவ்வொன்றும் 200 முதல் 300 கி.மீ. அகலம். உழுத வயல்போல வரிவரியான மேடு பள்ளங்கள் கொண்டவை, பழைய குழி விழுந்த நிலத்தில் ஒட்டுப்போட்டதுபோல் கூர்மையான எல்லையோடு கிடக்கின்றன. இன்வெர்னெஸில் அம்புமுனை வடிவில் ஒரு வெளிறிய பகுதியும் உண்டு. மிராண்டா ஒரு மோதலில் சிதறி, துண்டுகள் தாறுமாறாகத் திரும்பச் சேர்ந்தது என்று முதலில் சொன்னார்கள். கவர்ச்சியான கதை, இன்றும் பல நூல்களில் ஓடுகிறது. ஆனால் அது பொருந்தவில்லை. வரிகளைக் கூர்ந்து பார்த்தால் ஆர்டனின் மேடுகள் மேலோடு இழுபட்டு, பாளம் பாளமாகச் சரிந்த பிளவுகள். எல்சினோரின் சில மேடுகள் குழம்பான பனி வெளியே பிதுங்கியவைபோல் தெரிகின்றன. இவை உள்ளிருந்து வந்தவை, மேலிருந்து விழுந்தவை அல்ல. ஓத வெப்பத்தால் இளகிய பனி மெல்ல மேலெழுந்து, மேலோட்டை இழுத்துப் பிளந்தது என்பதே இன்று ஏற்கப்படும் விளக்கம். மூன்று கொரோனாக்களும் அமைந்த இடமும் அதற்கு இசைகிறது: ஒன்று முன்முகத்தில் (நிலவு நகரும் திசையை நோக்கிய பாதி), ஒன்று அதற்கு எதிரான பின்முகத்தில், ஒன்று தென்துருவத்தருகே. மோதலில் விழுந்த துண்டுகளுக்கு இப்படி ஒழுங்கு வராது.

மிராண்டாவின் வெரோனா செங்குத்துச் சரிவைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதன் உயரம் 20 கி.மீ. என்று சொல்லப்படுவது மேல் எல்லை, அதைவிடக் குறைத்துக் கணக்கிடுபவர்களும் உண்டு. அங்கே ஈர்ப்பு நொடிக்கு நொடி 0.079 மீட்டர். 20 கி.மீ. என்றே வைத்துக்கொண்டால் ஒரு கல் அடிக்கு வந்துசேர 12 நிமிடம் ஆகும். ஆனாலும் மெதுவாக விழும் என்று எண்ணிவிடாதீர்கள், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ. இருக்கும்.

ஏரியல்தான் என் கணிப்பில் இந்தக் குடும்பத்தின் முக்கிய சாட்சி. ஐந்தில் மிக வெளிச்சமான பரப்பு. பெரிய பழைய கிண்ணக்குழிகள் அரிது, பெயரிட்டவற்றில் பெரியதான யாங்கூர் 78 கி.மீ. மட்டுமே. அவ்வளவு பெரிய நிலவில் பெரிய குழிகள் இல்லை என்றால் யாரோ மெழுகியிருக்கிறார்கள் என்று பொருள். கச்சினா பள்ளத்தாக்குகள் 600 கி.மீ.-க்கு மேல் நீள்கின்றன. அவற்றின் இரு கரைகளும் விலகி, நடுப்பகுதி கீழிறங்கி, இறங்கிய தரை வழவழப்பாக நிரம்பியிருக்கிறது. சில தரைகளின் நடுவே நீளவாக்கில் இரட்டை மேடும் இடையில் ஒரு பள்ளமும் ஓடுகின்றன. பிளவின் வழியே கெட்டியான பனிக்குழம்பு எழுந்து இருபுறமும் விரிந்ததற்கான தோற்றம் இது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2024-இல் வெளியான ஆய்வில் ஏரியலின் பின்முகத்தில் 10 மி.மீ. அல்லது அதற்கும் மேல் தடித்த கார்பன் டை ஆக்சைடு படிவையும், கூடவே கார்பன் மோனாக்சைடையும் காட்டியது. இரண்டாவதுதான் புதிர். ஏரியலின் வெப்பநிலையில் கார்பன் மோனாக்சைடு பனியாகத் தங்காது, ஆவியாகிவிடும். இருக்கிறது என்றால் தொடர்ந்து உண்டாகிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது வேறு பொருளுக்குள் சிறைப்பட்டிருக்க வேண்டும்.

அம்ப்ரியல் ஏரியலின் அளவே, ஆனால் கருத்து, பழசாகி, குழிகள் நிறைந்து கிடக்கிறது. இரட்டையர்போல் இருந்தும் ஒன்று மட்டும் புதுப்பிக்கப்பட்டதற்குப் பாதை வரலாறு ஒரு காரணம்: கோளுக்கு அருகில் இருக்கும் நிலவு பன்மடங்கு கடுமையாகப் பிசையப்படும். அம்ப்ரியலில் கண்ணைக் கவர்வது 'வுண்டா' என்ற 131 கி.மீ. குழியின் அடியில் உள்ள வெள்ளை வளையம் மட்டுமே. பெரும்பாலும் அது கார்பன் டை ஆக்சைடு பனி.

டைட்டானியாவில் மெசினா பள்ளத்தாக்கு ஏறத்தாழ 1,500 கி.மீ., கெர்ட்ரூடு குழி 326 கி.மீ. ஓபரானில் ஹாம்லெட் குழியின் அடி கருமை படிந்தது, படத்தில் தெரியும் நிலவு வட்டின் ஓரத்தில் 11 கி.மீ. உயர மலை ஒன்று துருத்தி நிற்கிறது. இவற்றின் பெரும்பிளவுகளுக்கு ஒத்திசைவைத் தேட வேண்டியதில்லை. உள்ளே இருந்த நீர் உறைந்தால் பருமன் கூடும், மேலோடு பிளக்கும், அவ்வளவுதான்.

கார்பன் டை ஆக்சைடு ஏன் வுண்டா குழியில், நிலநடுக்கோட்டுக்கு அருகில் தங்குகிறது என்று யோசித்தால் அச்சுச் சாய்வின் விளைவு புரியும். நமக்குப் பழகியபடி துருவம்தான் குளிர் என்று நினைப்போம். அச்சு 54 பாகைக்கு மேல் சாய்ந்த கோளில் ஆண்டுச் சராசரியில் துருவமே அதிக வெயில் பெறும். யுரேனஸின் ஆண்டு 84 பூமி ஆண்டுகள், அதில் ஒவ்வொரு துருவத்துக்கும் 42 ஆண்டு தொடர் பகல். ஆவியாகக்கூடிய பனி துருவத்தை விட்டு ஓடி நிலநடுக்கோட்டருகே குளிர்ந்த குழிகளில் அடைகிறது. அது பின்முகத்தில் அதிகம் என்பதற்கு வேறு காரணம் சொல்லப்பட்டு வந்தது: யுரேனஸின் காந்தப்புலம் கோளோடு 17 மணி நேரத்தில் சுழல்வதால் அதில் சிக்கிய மின்துகள்கள் நிலவுகளைப் பின்னாலிருந்து முந்தி மோதும், அந்த மோதலில் பனியும் கரியும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். ஆனால் 2025-இல் வெளியான ஹபிள் புற ஊதா அளவீடுகளில் எதிர்பார்த்தபடி பின்முகம் கருத்திருக்கவில்லை. டைட்டானியாவிலும் ஓபரானிலும் முன்முகமே கருமை. அதற்கு மின்துகள் பொறுப்பல்ல, தூசி பொறுப்பு. வெளியே உள்ள ஒழுங்கற்ற நிலவுகளில் சிறுகற்கள் மோதிக் கிளப்பும் தூசி மெல்ல உள்ளே சுருண்டு வர, டைட்டானியாவும் ஓபரானும் வண்டியின் முன்கண்ணாடி பூச்சிகளை வாங்குவதுபோல அதை முன்முகத்தில் வாங்குகின்றன. ஏரியலுக்கும் அம்ப்ரியலுக்கும் அது அவ்வளவாகப் போய்ச் சேர்வதில்லை.

அந்த ஒழுங்கற்ற நிலவுகள் பத்து. சைக்கொராக்ஸும் கலிபானும் 1997-இல் முதலில் சிக்கின. 40 லட்சம் முதல் 2 கோடி கி.மீ. வரை பரவியவை, ஏதோ ஒரு காலத்தில் பிடிபட்டவை. மார்கரெட்டைத் தவிர எல்லாம் எதிர்த்திசையில் சுற்றுகின்றன. நிலவின் பாதை சூரியச் சுற்றுத்தளத்துக்குச் செங்குத்தாக நிமிர்ந்தால் சூரியனின் இழுப்பு அதை மேலும் மேலும் நீள்வட்டமாக்கிக் கடைசியில் அழித்துவிடும். அதனால்தான் நடுச்சாய்வில் ஒன்றும் மிஞ்சவில்லை.

உள்ளே நிலைமை வேறு. ஐந்து பெரிய நிலவுகளுக்கு உள்ளே, வளையங்களை ஒட்டி, 14 குட்டி நிலவுகள் நெருக்கியடித்துக்கொண்டு சுற்றுகின்றன. கடைசியாகச் சேர்ந்தது 2025-இல் வெப் தொலைநோக்கி கண்ட, ஏறத்தாழ 10 கி.மீ. அளவுள்ள ஒன்று. அதோடு மொத்தம் 29. கியூப்பிட்டும் பெலிண்டாவும் சுற்றும் பாதைகளுக்கு இடையே 860 கி.மீ.தான். கிரெசிடாவுக்கும் டெஸ்டிமோனாவுக்கும் 900 கி.மீ. அளவு. கணினியில் ஓட்டிப் பார்த்தால் இந்தச் சோடிகள் ஆயிரம் ஆண்டு முதல் சில கோடி ஆண்டுகளுக்குள் மோதிக்கொள்ளும் என்று வருகிறது. இந்த அகன்ற இடைவெளிக்குக் காரணம் அவற்றின் நிறை சரியாகத் தெரியாததே. சூரியக் குடும்பத்தின் வயதோடு பார்த்தால் எந்த எண்ணாக இருந்தாலும் அது ஒரு கணம். எனவே இன்று காணும் இந்த வரிசை ஆதியில் இருந்ததல்ல, உடைந்தும் சேர்ந்தும் மாறிக்கொண்டே வந்திருப்பது. பக்கையும் மாபையும் தவிர இவை எல்லாம் அந்த 82,700 கி.மீ. எல்லைக்கு உள்ளே இருப்பதால் உள்ளே இறங்கிக்கொண்டும் இருக்கின்றன.

எண்களை நீங்களே சரிபார்க்க நினைத்தால் நாசாவின் ஹொரைசன்ஸ் என்ற இணையவழிப் பாதைக் கணிப்பு இலவசம். யுரேனஸின் எண் 799, ஏரியல் 701, அம்ப்ரியல் 702, டைட்டானியா 703, ஓபரான் 704, மிராண்டா 705. மையமாக 500@799 கொடுத்து, பாதைக் கூறுகளைக் கேளுங்கள். இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மேற்கோள் தளத்தைச் சூரியச் சுற்றுத்தளமாக விட்டுவிட்டால் எல்லா நிலவுகளின் சாய்வும் 97, 98 பாகையை ஒட்டி வரும், மிராண்டாவின் 4.3 அதில் மறைந்துவிடும். தளத்தைக் கோளின் நிலநடுக்கோட்டுக்கு மாற்றினால்தான் அது தெரியும். இன்னொன்று: அது தரும் எண்கள் அந்தக் கணத்துக்கானவை. ஒரே தேதியின் எண்ணை எடுத்து விகிதம் பார்க்காதீர்கள், சில ஆண்டுகளின் சராசரியை எடுங்கள். துருவங்களின் பெயரிலும் குழப்பம் வரும். பன்னாட்டு வானியல் ஒன்றிய விதிப்படி வாயேஜர் பார்த்தது தென்துருவம். சுழற்சித் திசையை வைத்துப் பெயரிடும் சில பழைய கட்டுரைகளில் அதுவே வடதுருவம். படத்தில் பெயரைப் பார்க்காமல், எந்தப் பாதி வெளிச்சத்தில் இருந்தது என்று பாருங்கள்.

கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் டைட்டானியாவும் ஓபரானும் 14-ஆம் ஒளித்தரம் (எண் கூடக்கூட மங்கல்). இருண்ட வானத்தில் 10, 12 அங்குலத் தொலைநோக்கி வேண்டும். கோளின் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், உருப்பெருக்கத்தைக் கூட்டிக் கோளைப் பார்வை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டுத் தேடுங்கள். 2020-களில் வடதுருவம் நம் பக்கம் திரும்பியிருப்பதால் பாதைகள் கிட்டத்தட்ட வட்டமாகத் தெரிகின்றன. டைட்டானியா கோளுக்குப் பின்னால் ஒளிவதே இல்லை, எப்போதும் ஏறத்தாழ 30 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) தள்ளி நிற்கும். மிராண்டாவை இந்தக் கருவியில் எதிர்பார்க்காதீர்கள்: ஏறத்தாழ 16-ஆம் தரம், அதிகம் போனால் கோளிலிருந்து 10 வில்நொடி.

உள்ளே இன்னும் நீர் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வியாக வரும். டைட்டானியாவிலும் ஓபரானிலும் 50 கி.மீ.-க்குக் குறைவான உப்புநீர் அடுக்கு எஞ்சியிருக்கலாம் என்று 2023-இல் ஒரு மாதிரிக் கணக்கு சொன்னது. மிராண்டாவில் கடந்த 10 முதல் 50 கோடி ஆண்டுகளுக்குள் 30 கி.மீ. மேலோட்டுக்குக் கீழே 100 கி.மீ. ஆழக் கடல் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளவுகள் அமைந்த திசைகள் பொருந்தவில்லை என்று 2024-இல் ஒரு கணக்கு வந்தது. இரண்டுமே படங்களிலிருந்தும் மாதிரிகளிலிருந்தும் வருவிக்கப்பட்டவை. நேரடிச் சோதனை எளிமையானது, ஆனால் அங்கே போக வேண்டும். மேலோடு உள்ளகத்தோடு ஒட்டியிருந்தால் நிலவு ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே ஆடும். நடுவில் கடல் இருந்தால் ஓடு தனியாக வழுக்கி அதிகமாக ஆடும். சுற்றிவரும் ஒரு விண்கலத்தின் கேமரா அதை அளந்துவிடும். அமெரிக்க அறிவியல் கழகங்களின் 2022 பத்தாண்டுத் திட்ட அறிக்கை யுரேனஸ் சுற்றுகலத்தைப் பெரும் பயணங்களில் முதலிடத்தில் வைத்தது. அடுத்த சமப்பகல் 2049, 2050 வாக்கில். அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தால், 1986-இல் இருளில் கிடந்த வடபாதி இன்னும் வெளிச்சத்தில் இருக்கும். சமப்பகல் நெருங்க நெருங்கச் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே வருவதால் இரு பாதிகளும் அடுத்தடுத்து வெளிச்சம் பெறும். மிராண்டாவில் இன்னும் எத்தனை கொரோனாக்கள் மறைந்திருக்கின்றன என்பதை அப்போதுதான் எண்ண முடியும்.